மஞ்சள் துண்டில் ஒரு தாடி

மாப்பிள்ளை,

நான் இங்கே எழுதப் போகும் கதையை இந்தப் பூமியில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்று, கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தின் மேல் கைவைத்து முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். பொட்டலம் என் மடியில்தான் இருக்கிறது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரும் என் தங்கைக்கு, அதாவது உம்ம பெண்டாட்டிக்கு, தலை சுற்றினால் கொடுக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. பாதியை நான் தின்றுவிட்டேன். மீதிப் பாதிச் சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

உமக்குத் தெரிந்த இடம்தான். திருநெல்வேலியில் முன்னாள் ராணுவத்தினருக்கான கிளினிக், அதே வராண்டா, அதே இரும்பு நாற்காலி. எனக்கு உட்கார முடியவில்லை. ஐந்தாறு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் வாசலைப் பார்க்கிறேன், தாகமில்லாமல் தண்ணீர் குடிக்கிறேன், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன். பக்கத்து நாற்காலியில் இருந்த, நாயக் ரேங்கில் ரிட்டயரான ஒருத்தர், "அண்ணாச்சிக்குச் சுகர் இருக்கோ?" என்று கேட்டுவிட்டார். "இல்ல, கட்டெறும்பு இருக்கு" என்றேன். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

எறும்பு எது என்று உமக்குச் சொல்கிறேன். காலையில் காகிதங்களைத் தேடி உம்ம பட்டாளத்துத் தகரப் பெட்டியைத் திறந்தேன். பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்புப் பெட்டி. மூடியைத் தூக்கியதும் உள்ளிருந்து ஒரு கிடாய் வாடை புறப்பட்டு வந்து என் நெஞ்சில் உதைத்தது. நான் பின்னால் பறந்துபோய்க் கம்பு மூட்டையின் மேல் விழ, மூட்டை வெடிக்க, தெருக்கோழிகள் அத்தனையும் உள்ளே வந்து உம்மை வாழ்த்திவிட்டுத் தின்றன. அடுக்களையிலிருந்து, "என்னண்ணே சத்தம்?" என்றாள் தங்கச்சி. "ஒண்ணுமில்ல, உன் வீட்டுக்காரரு" என்றேன்.

மடித்த சீருடையின் மேல் அந்த மஞ்சள் துண்டு இருந்தது. துண்டுக்குள் உம்ம மருத்துவக் கார்டு. ஆடு, மஞ்சள், பீடி மூன்று வாடையும் இன்னும் போகவில்லை.

இன்றைக்கு அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நீர் இருக்கும்வரை அவள் உம்ம பெயரில் ஒட்டிக்கொண்டு இந்தத் திட்டத்தில் இருந்தாள். நீர் போனபிறகு அவள் பெயரில் தனியாகப் பதிந்தாக வேண்டும். இடையில் பதிவு விட்டுப்போனால் மாத்திரை நின்றுபோகும். அவள் நெஞ்சுக்குள் இருப்பது டாக்டர் வைத்த செயற்கை வால்வு. அதில் ரத்தம் கட்டாமலிருக்க உயிருள்ளவரை மாத்திரை, மாதம் தவறாமல் ரத்தப் பரிசோதனை. மாத்திரை நின்றால் என்ன நிற்கும் என்று உமக்குத் தெரியும். கையிலிருக்கும் பட்டை முடியப் போகிறது. காகிதங்களை உள்ளே கொடுத்தாயிற்று. கூப்பிடும்வரை எனக்கு எறும்பு.

உம்மைவிட நான் ஒன்றும் பெரிய நிலைகொள்ளாதவன் இல்லை. தொண்ணூறுகளில் நீர் பட்டாளத்திலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே ஊர் முழுக்க ஒரு பேச்சு: ஹவில்தார் வீட்டுக்குள் போன நேரத்தைவிட வெளியே வந்த நேரம் முந்தியது என்று. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசற்படியில் இருக்கும். பாங்கில் காவல் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தர் கூப்பிட்டார். "சும்மா ஒரே இடத்துல நிக்கதுக்குச் சம்பளமா?" என்று கேட்டுவிட்டு, உம்ம தம்பியின் ஆட்டுக்கிடையோடு கிளம்பிவிட்டீர். கிடை உமக்குப் பொருத்தமான ரெஜிமெண்ட்தான். இன்று ஒருத்தர் புஞ்சையில் ராத்தங்கல், மண்ணுக்கு எரு, நாளை அடுத்தவர் புஞ்சை. எங்கும் வேர் விடவேண்டியதில்லை.

இந்த மருத்துவத் திட்டம் வந்தபோது நீர் சேரவே மாட்டேன் என்றீர். "எனக்கு என்னத்துக்கு மச்சான் ஆஸ்பத்திரி? குண்டுக்கே தப்பி வந்தவன்." தங்கச்சிதான் உம்மை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். ஒரு தற்காலிகச் சீட்டுக் கொடுத்தார்கள். அதை நீர் அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகிவைத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டீர்.

அவள் பருத்திக் காட்டில் மடியில் பஞ்சோடு சாய்ந்தது அதற்கடுத்த வருஷம். கோவில்பட்டி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முகத்தைச் சுருக்கினார், மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். மதுரையில் வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். நம் இரண்டு வீட்டையும் ஆடுகளோடும் என்னோடும் சேர்த்து விற்றாலும் வால்வின் ஒரு ஓரத்தைத்தான் வாங்க முடியும். (என்னை யாரும் வாங்க மாட்டார்கள் என்று நீர் அப்போதே சொன்னீர்.) ஆக, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த அந்தச் சீட்டுத்தான் கதி.

நீர் என்ன செய்தீர்? நேராக இருக்கன்குடி அம்மன் முன்னால் போய் நின்று, இவள் தன் காலால் நடந்து இந்தச் சன்னதிக்கு வரும்வரை என் தலையிலும் தாடையிலும் கத்தி படாது என்று நேர்ந்துகொண்டீர். அதோடு கிடைக்குப் போனவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

பிறகுதான் கடிதம் வந்தது. தற்காலிகச் சீட்டின் காலம் முடிகிறது, புதுக் கார்டுக்காக முகத்தைப் படமெடுக்கவும் ரேகை எடுக்கவும் வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், குடும்பத் தலைவர் நேரில் வந்து நின்றால்தான் பதிவு தொடரும். கடிதம் கைக்கு வந்தபோது அந்த ஆட்கள் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. நீரோ கரிசல் காட்டில் எங்கோ இருந்தீர்.

நான் மொபெட்டை எடுத்தேன். எட்டயபுரம் தாண்டி ஒரு டீக்கடையில், "பட்டாளத்தாரு கிடையா? முந்தாநாள் இங்கன ஓடைக்கு மேக்க கெடந்துச்சு. புதூர்ப் பக்கம் போயிருக்கும்" என்றார்கள். புதூர்ப் பக்கம் போனால், "விளாத்திகுளத்துப் பக்கம்லா போனாவ. மிளகா எடுத்த காட்டுல கிடை போடணும்னு ஆளு வந்து கூட்டிட்டுப் போச்சே." அன்றைக்கு நான் ஓட்டிய தூரத்தை வடக்கே பார்த்து நேராக ஓட்டியிருந்தால், காஷ்மீரில் உம்ம பழைய கேம்ப்பில் இறங்கி டீ குடித்திருக்கலாம். போதாததற்குக் கோடைமழை வேறு. ஈரக் கரிசல் சக்கரத்தில் ஏறி ஏறி மொபெட் யானை அளவுக்கு ஆகிவிட்டது. அதன் பிறகு நான் ஓட்டவில்லை, அம்பாரியில் போனேன். வழியில் இரண்டு பெண்கள் எனக்குச் சூடம் காட்டினார்கள். புழுக்கையைத் தொட்டுப் பார்த்துத்தான் உம்ம திசையைக் கண்டுபிடித்தேன். ஈரமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறீர், காய்ந்திருந்தால் தூரத்தில். எந்தப் பட்டாளமும் எதிரியை இவ்வளவு அடக்கத்தோடு தேடியிருக்காது.

ஒரு உடைமரத்தின் கீழே கம்பில் சாய்ந்து ஒற்றைக்காலில் நின்றீர். தாடி நெஞ்சைத் தாண்டித் தொங்கியது. கூட்டத்தில் கிடா எது, மாப்பிள்ளை எது என்று தெரியாமல் நான் முதலில் கிடாவிடம்தான் நலம் விசாரித்தேன்.

"என்ன மச்சான், மொபெட்டைக் காணோம், மண்ணு மட்டும் நடந்து வருது" என்றீர்.

"லெட்டர் வந்திருக்குவே. நாளைச் சாயங்காலத்துக்குள்ள நீரு திருநெல்வேலியில போயி நிக்கணும். நிக்காட்டா பேரு விட்டுப் போயிரும்."

"ஆட்டை யாரு பாப்பா?"

"ஆட்டுக்கு வால்வு கெடலை. எந்தங்கச்சிக்குத்தான் கெட்டிருக்கு."

நீர் கம்பை மண்ணில் குத்தினீர். "அவ எப்படி இருக்கா?"

"போய்ப் பாரும். அவ வீட்லதான் இருக்கா. நீருதான் இல்ல."

"என்னால அங்கன இருக்க முடியல மச்சான்" என்றீர், என்னைப் பார்க்காமல். "அவ மூச்சு வாங்குத சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடணும்போல வருது. எதுத்து நிக்க ஆளு இருந்தா சுட்டிருவேன். சத்தத்தை என்ன செய்ய?"

எனக்குக் கேலி பேச நூறு வார்த்தை கையிருப்பில் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. நீர் தம்பியைச் சீழ்க்கையடித்துக் கூப்பிட்டு, கம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, யானையின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தீர்.

மறுநாள் நாம் மூன்று பேரும் இந்த வராண்டாவுக்கு வந்தோம். தங்கச்சியைச் சுவரோரம் உட்காரவைத்தேன். பஸ்ஸிலிருந்து இங்கே வருவதற்குள் அவள் நின்று நின்று வந்தாள். கவுண்டரில் வெள்ளை மீசைச் சுபேதார். அவரும் ரிட்டயர்டு, இங்கே வேலை பார்க்கிறவர். உம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி, இது ஆஸ்பத்திரி. மடம் அடுத்த தெருவுல இருக்கு."

நீர் விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தீர். தாடி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. நம்பர், பெயர், யூனிட் எல்லாம் ஒரே மூச்சில் சொன்னீர். சுபேதாரும் தன்னையறியாமல் எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, உம்ம டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருந்த படத்தையும் உம்மையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலது தாடையில மச்சம்னு போட்டிருக்கு. எங்க?"

"உள்ள இருக்கு சார்."

நான் முன்னால் போய், பேன் பார்ப்பதுபோல் தாடியை வகிர்ந்து, "இந்தா சார், இங்கன" என்று காட்டினேன்.

"எனக்குத் தெரியுது அண்ணாச்சி. கேமராவுக்குத் தெரியாதுல்லா. மதுரையில கார்டைப் பாத்துட்டுத்தான் ஆளைப் பாப்பாவ. அங்கயும் நீங்க வந்து வகுந்து காட்டிட்டு நிப்பியளா?"

"நிப்பேன்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு உம்மிடம் திரும்பினார். "போயி சேவ் பண்ணிட்டு வாங்க. சாயங்காலம் கேமராவை மூட்டை கட்டிருவாங்க. அடுத்து எப்ப வருவாங்களோ, யாருக்குத் தெரியும்."

"முடியாது சார். இவ நடந்து அம்மன் கோயிலுக்கு வந்த பெறகுதான் கத்தி படணும்."

"அவங்க நடக்கணும்னா ஆபரேஷன் வேணும்."

"ஆமா சார்."

"ஆபரேஷனுக்குக் கார்டு வேணும்."

"ஆமா சார்."

"கார்டுக்கு உங்க மூஞ்சி வேணும்."

"ஆமா சார்."

"மூஞ்சிக்கு?"

வராண்டாவில் இருந்த ராணுவம் முழுக்க நம்மைப் பார்த்தது. தரைப்படை, கப்பற்படை, விமானப்படை, எல்லோர் மனைவிமாரும். நான் உம்மை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், மச்சம் இருக்கிற பக்கம் மட்டும் மழித்தால் என்ன என்று யோசனை சொன்னேன்.

"அம்மனை ஏய்க்கச் சொல்லுதீரா?" என்றீர். பிறகு குரலை இறக்கி, "அவளுக்குன்னு நான் பிடிச்சுக்கிட்டு நிக்கது இது ஒண்ணுதான் மச்சான். இதையும் விட்டுட்டா என் கையில ஒண்ணுமே இல்ல."

உம்மை முரடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது முரடு இல்லை, பயம். பயந்த மனுஷனிடம் நியாயம் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பொய் பேசத்தான் தெரியும், அந்த நேரம் பார்த்து ஒரு பொய்யும் வரவில்லை.

சுவரோரத்திலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணே. உங்க துண்டைத் தாங்க."

"ஏட்டி, இது புதுத் துண்டு."

"தாங்கண்ணே. ரோட்டுக்கு அந்தாக்ல பலசரக்குக் கடை இருக்கு. மஞ்சப் பொடி வாங்கிட்டு வாங்க."

புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனி முதலாளி, தன் மகள் கல்யாணத்துக்கு வந்த தலைகளில் என் தலைதான் பெரியது என்று கண்டு போர்த்திய துண்டு அது. அதை வராண்டாக் குழாயில் நனைத்து, என் கண் முன்னாலேயே மஞ்சள் பொடியில் போட்டுப் பிசைந்தாள். மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி உம்மிடம் சொன்னாள்:

"காணிக்கையை நெனச்ச அன்னைக்கே செலுத்த முடியாட்டா என்ன செய்வோம்? மஞ்சத் துணியில முடிஞ்சு வைப்போம்லா. முடிஞ்சு வச்சுட்டா அது அவளுக்குத்தான், வேற யாரும் தொட மாட்டாவ. இதையும் அப்படி முடிஞ்சு வைங்க. ஒரு மயிரு கீழ விழப்பிடாது. நான் நடந்து போயி என் கையால குடுக்கேன்."

"கத்தி படப்பிடாதுன்னு சொல்லிட்டேனே."

"அவ கேட்டா என்னையச் சொல்லுங்க. உயிரு என்னோடதுதான? நானும் அவளும் பேசிக்கிடுதோம்."

நீர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றீர். எங்கேயும் நிற்காத மனுஷன் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு ஈரத் துண்டை வாங்கிக்கொண்டு, மஞ்சள் சொட்டச் சொட்ட வாசலில் இறங்கினீர்.

சலூன்காரர் விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார். "ஃபேனை நிறுத்துங்க அண்ணாச்சி, பறந்துராம" என்றார். நான் துண்டை இரண்டு கையாலும் ஏந்தி உம்ம தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். கோயிலில்கூட அப்படிப் பணிவாக நின்றதில்லை. தாடி இறங்க இறங்க உள்ளே என்னென்னவோ கிடைத்தது: காணாமல்போன ஒரு பீடிக்கட்டு, ஆட்டுக்குட்டியின் மணி, விளாத்திகுளத்திலிருந்து வந்த பஸ் டிக்கெட், போன தேர்தலின் பூத் சிலிப். மூன்று கத்தி மழுங்கியது. கடைசியில் மச்சம் தெரிந்ததும் சலூன்காரரும் நானும் புதையல் கண்டவர்கள்போல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நீர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. துண்டை முடிந்து உம்ம மடியில் வைத்தபிறகுதான் திறந்தீர்.

உம்ம முகம் இரண்டு நிறமாக இருந்தது. மூக்குக்கு மேலே கரிசல், மூக்குக்குக் கீழே வெடித்த பருத்தி. அந்த முகத்தோடு போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்தீர். "மச்சம் ஆஜர்" என்றார் சுபேதார். படத்தில் நீர் முழித்த முழி, அம்மனே நேரில் வந்து கணக்குக் கேட்டதுபோல் இருக்கும். அந்தக் கார்டை எந்தக் கவுண்டரில் நீட்டினாலும் ஒரு தடவை கார்டு, ஒரு தடவை உம்ம முகம், மறுபடி கார்டு என்று பார்ப்பார்கள்.

மதுரையில் அவளை உள்ளே கொண்டுபோன அன்றைக்கு நீர் ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தீர். நீர் நடந்த நடையில் தரை தேய்ந்து கட்டடம் ஒரு அடி இறங்கிவிட்டதாக இன்ஜினியர்கள் வந்து அளந்தார்கள். கக்கத்தில் முடிச்சு. யாராவது, "அது என்ன பொட்டலம்?" என்று கேட்டால், "தாடி" என்பீர். பிறகு யாரும் உம்ம பக்கம் வரவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் உம்மை முதன்முதலாக விட்டபோது நானும் இருந்தேன். நீர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டீர். "மச்சான், யாரு வாட்ச் இது?"

நம் யார் கையிலும் வாட்ச் இல்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே, அது புது வால்வு திறந்து மூடுகிற சத்தம் என்றார். நீர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சத்தம் வளர்ந்தது மாப்பிள்ளை. கோவில்பட்டி மில்லில் சங்கு ஊதுகிறவர் என் தங்கை நெஞ்சைக் கேட்டுத்தான் ஊதினார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அதைக் கேட்டுத்தான் தூக்குவாளியைத் திறந்தார்கள். எட்டயபுரம் பஸ்ஸுக்கு அதுதான் டைம் கீப்பர். இதையெல்லாம் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிய, நீர் ஒருநாள் என்னைப் பிடித்து, "சத்தம் குறையுதா, கூடுதான்னு நானே காதை வச்சுக்கிட்டுக் கெடக்கேன், நீரு வேற" என்று வைதீர்.

அவள் இருக்கன்குடிக்கு நடந்தாள். ஊரிலிருந்து நடப்பேன் என்றவளை நான்தான் மிரட்டிப் பஸ்ஸில் ஏற்றி, ஆற்று மணல் தொடங்குகிற இடத்தில் இறக்கிவிட்டேன். அங்கிருந்து அவள் காலால்தான் போனாள். நீர் பின்னால் முடிச்சை ஏந்திக்கொண்டு, அவள் நின்ற இடத்திலெல்லாம் நின்றீர். சன்னதியில் அவள் முடிச்சை வாங்கி அவிழ்த்து, தாடியைச் செலுத்திவிட்டு அம்மனிடம் என்னமோ முணுமுணுத்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பும்போது, "துண்டு என்னோடதுவே" என்றேன்.

"இனிமே கார்டோடது" என்று மடித்து வைத்துக்கொண்டீர்.

அதற்குப் பிறகு உம்மை யாரும் தேடிப் போகவேண்டி வரவில்லை. கிடை எந்தக் காட்டில் கிடந்தாலும், கையெழுத்துப் போடவேண்டிய நாள், ரத்தம் எடுக்கவேண்டிய நாள், கார்டைச் சரிபார்க்கிற நாள் எல்லாவற்றுக்கும் முகத்தை மழித்துக்கொண்டு வந்து நிற்பீர். உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிற வரிசையில் எப்போதும் முதல் ஆள். எதற்கு இந்த அவசரம் என்று கேட்டால் ஒரே பதில்: "பேரு இருந்தாப் போதாது மச்சான். கூப்பிடும்போது ஆளு நிக்கணும்."

அப்படிச் சொன்ன ஆள், போன மாசியில் ஒரு மத்தியானம் விளாத்திகுளத்துக் காட்டில் கம்பைப் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்திருந்தீர். தம்பி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். திரும்பவும் கூப்பிட்டிருக்கிறான். ஆடுகள்தான் திரும்பிப் பார்த்தன. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், யானையை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். அந்தக் கார்டில் உமக்கென்று ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கவில்லையே நீர். அவளுக்காகவே அதை அணையாமல் வைத்திருந்தீர். உம்மேல் எனக்கு ஆறாத கோபம். அந்தக் கோபத்தில்தான் இங்கே உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருக்கிறேன்.

இரும், உள்ளே ஏதோ சத்தம். கூப்பிடுகிறார்கள்.

போய்விட்டு வந்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். இங்கே பட்டாளத்தான் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், உமக்குத் தெரியாததா. வராண்டா முழுக்கக் கேட்கும்படி உம்ம பெயரைக் கூப்பிட்டார்கள். என் கால் தானாக எழுந்தது. நான் நிமிர்வதற்குள், அப்போதுதான் வெளியே வந்து உட்கார்ந்திருந்த தங்கச்சி, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"இருக்கேன்" என்றாள்.

அதே வெள்ளை மீசைச் சுபேதார்தான். மீசை இன்னும் வெளுத்திருக்கிறது. நான் நீட்டிய துண்டைப் பிரித்து உம்ம கார்டை எடுத்தார். இரண்டு நிறப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவரா" என்றார். கார்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். துண்டை மடித்து அவளிடம் நீட்டினார். அதில் மஞ்சள் ஒட்டிய விரலைத் துடைக்கவில்லை. "அம்மா பேர்ல ஏத்தியாச்சு. கார்டு வார வரைக்கும் இந்தச் சீட்டைக் காட்டுங்க. மாத்திரை நிக்காது" என்றார். அவள் சீட்டைத் துண்டில் சுற்றி என் கையில் தந்தாள். "வச்சிருங்கண்ணே. உங்க துண்டுதான" என்றாள்.

இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து மீதிச் சத்தியத்தைத் தின்றுகொண்டிருக்கிறாள். காத்திருந்த நேரத்தில் நான் இந்தக் கதை முழுவதையும் அந்த நாயக்கிடமும் சொல்லித் தீர்த்திருந்தேன். அவர் நகர்ந்துபோன நாற்காலியிலிருந்து எட்டிச் சொன்னார்: "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. யானை, பஸ் டிக்கெட்டு, மில் சங்கு... நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நம்புத மாதிரி இல்ல."

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் கரண்ட் போனது. மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி நின்றன. வராண்டாவில் ஒருத்தரும் பேசவில்லை. நாயக் தலையைச் சாய்த்தார், நீர் அன்றைக்குச் சாய்த்த மாதிரியே.

"யாரு வாட்ச் அண்ணாச்சி இது?"

தங்கச்சி மிட்டாயை மெல்வதை நிறுத்தினாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சரி" என்றேன். "அது மட்டும் நெசம்."